முப்பது விநாடிக்கு ஒரு கட்டம்

மூக்கையூர் அங்கன்வாடியில்
பிள்ளைகளின் பெயரை நான் எழுதக் கூடாது.
நெறிமுறைக் குழுவின் கடிதம் கைப்பையில் இருக்கிறது.
ஒன்று முதல் பத்தொன்பது வரை எண்கள்.
முப்பது விநாடிக்கு ஒரு கட்டம்:
பகிர்ந்தால் ஒன்று, பேச்சுக் கொடுத்தால் இரண்டு,
தனியே இருந்தால் மூன்று, அடித்தால் நான்கு.
வராத பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்பது.

ஜன்னல் கொண்டி உடைந்து கிடக்கிறது.
கச்சான் காற்று கடற்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாய் அள்ளி
படிவத்தின் மேல் போடுகிறது.
பேனா முனை நறநறக்கும்.
ஊதிவிட்டு எழுதுவதற்குள்
ஒரு கட்டம் கடந்துபோகும்.

பதினோராம் எண்ணை இங்கே
இன்னாசி என்று வைத்துக்கொள்கிறேன்.
அந்தப் பெயரில் இப்போது இந்த ஊரில்
சின்னப் பிள்ளை எவனுமில்லை, விசாரித்துவிட்டேன்.
நாலு வயது.
எப்போதும் இடது காலில் மட்டும் செருப்பு.

திங்கள்கிழமை
சத்துமாவு உருண்டைக்கு வட்டம் போட்டு உட்கார்ந்தார்கள்.
இன்னாசிக்கு வலப்பக்கம்
ஒரு பிள்ளை அளவுக்குப் பாய் காலியாக இருந்தது.
நரிப்பையூரிலிருந்து புதிதாய் வந்த மூன்றாம் எண்
அதில் போய் உட்கார்ந்தாள்.
தள்ளினான்.
மறுபடி உட்கார்ந்தாள்.
தோளைக் கடித்துவிட்டான்.
கடிக்குத் தனியாக எண் இல்லை. நான்கு.

செவ்வாயும் நான்கு.
புதன் முட்டை நாள்.
தட்டில் மணல் விழுவதைக்கூடப் பார்க்காமல்
இரண்டு உள்ளங்கையையும் அந்தக் காலிப் பாயில் ஊன்றி
இருந்துகொண்டே இருந்தான்.
மூன்று, மூன்று, மூன்று, மூன்று.

"அது அவ எடம்ல" என்றார் டெய்சிராணி டீச்சர்,
பதிவேட்டில் கோடு கிழித்தபடி.
"காய்ச்சலு. ராம்நாட்டுப் பெரியாஸ்பத்திரில வச்சிருக்கு.
அவுக அம்மா நாலு நாளா பாசிக்கே போகல."
பெயரும் சொன்னார்.
ஏழாம் எண் எனக்கு
ஏழாம் எண்ணாகவே இருக்கட்டும்.
அவள் வரிசையில் மூன்று நாளாக
நான் தொண்ணூற்றொன்பது போட்டுக்கொண்டிருந்தேன்,
அந்தப் பக்கம் திரும்பாமலே.

எதிர் மூலையில் இன்னொரு படிவத்தோடு தமயந்தி.
சாயல்குடி லாட்ஜில் இரவு
இரண்டையும் ஒத்துப் பார்த்தோம்.
அவளும் நான்கு. அவளும் மூன்று.
உடன்பாட்டு எண் புள்ளி ஒன்பது ஒன்று.
வழிகாட்டி வாட்ஸப்பில் கட்டைவிரல் அனுப்பினார்.
ஒரே மாதிரி பார்க்கிறோம் என்று அர்த்தம்.
ஒரே மாதிரி பார்க்கவில்லை என்பதை
அளக்க அந்த எண்ணால் ஆகாது.
மையால் போட்டதை அடிக்கவும் கூடாது.
ஓரத்தில் பென்சிலால் 'இடம்' என்று எழுதினேன்.
தட்டச்சு செய்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அடுத்த திங்கள்
ஏழாம் எண் வந்தாள்.
புறங்கையில் ஊசி ஒட்டிய பிளாஸ்திரி,
அழுக்கேறி, பாதி பிரிந்து.
வாசலில் நின்றாள்.
நான் பேனாவை இறுக்கிப் பிடித்தேன்.
இரண்டு வரும், இல்லை ஒன்று,
அல்லது ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான்
என்று காத்திருந்தேன்.

இன்னாசி நிமிரவில்லை.
சோப்பு டப்பாவைப் பாயில் உந்திக்கொண்டிருந்தான்,
விசைப்படகுச் சத்தம் வாயில்.
உந்தியபடியே ஒரு சாண் நகர்ந்தான்.
அவள் உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான்.
பதினோரு கட்டம் ஒருவரும் பேசவில்லை.
இரண்டு முழங்காலுக்கும் நடுவே
ஒரு விரல் நுழையாது.
மணலை ஊதிவிட்டு
மூன்று போட்டேன். தனியே.

அப்புறம்
எடைத் தராசுப் பக்கமிருந்து மூன்றாம் எண் எழுந்து வந்து
சட்டையை விலக்கித் தோளைக் காட்டினாள்.
"ஒன்னாலதான்."
பல் பதிந்த தடம் மஞ்சளாகியிருந்தது.
ஏழாம் எண் குனிந்து
வெகு நேரம் பார்த்தாள்,
டாக்டர் பார்ப்பதுபோல.
பிறகு தன் பிளாஸ்திரியை உரித்து
அதன்மேல் ஒட்டினாள். ஒட்டவில்லை.
மறுபடி ஒட்டினாள்.
இன்னாசி டப்பாவை நிறுத்திவிட்டு
ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தான்.

இதற்கு என்ன எண் என்று தமயந்தியைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு படிவத்திலும்
அந்தக் கட்டம் மட்டும் காலி.